டீ குடிக்கும் நேரத்துச் சரித்திரம்

“கைடோடவா, தனியாவா?” என்று டிக்கெட் ஜன்னலுக்குள்ளிருந்து கேள்வி வந்தது.

“கைடோட,” என்றாள் மகள்.

“தனியா,” என்றாள் அம்மா.

இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் போய் விழுந்ததில் உள்ளே இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். இந்த மாதிரிக் குடும்பங்களைத் தினமும் பார்த்துப் பழகியவர் போலிருக்கிறது, கோபப்படவில்லை. “ஓரமா உக்காந்து பேசி முடிச்சுட்டு வாங்க. அடுத்த கைடு கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு,” என்று சொல்லிவிட்டு, பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.

பக்கத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சு இருந்தது. இருவரும் அதில் உட்கார்ந்தார்கள். எதிரே கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம், இடிந்துபோன பழைய நகரம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மொட்டையாக நிற்கும் தூண்கள், கூரை இல்லாத சுவர்கள், யாரும் நடக்காத தெருக்கள். வேலிக்கு இந்தப் பக்கம் பஸ் நிற்கும் இடம். அம்மாவின் கண் என்னவோ பஸ் நிற்கும் இடத்தில்தான் இருந்தது.

மகளுக்குக் கைடு வேண்டும். அப்பா இந்த இடத்தைப் பற்றி வாழ்நாளெல்லாம் சொன்னதில் எது நிஜம், எது புளுகு என்று தெரிந்துகொள்ள வேண்டும். அம்மாவுக்குக் கைடு வேண்டாம். காரணமும் அதேதான். மனிதர் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் யாரோ முன்பின் தெரியாத ஒருவர் வந்து, அவர் சொன்னதெல்லாம் கட்டுக்கதை என்று மகளின் எதிரிலேயே போட்டு உடைத்துவிட்டால் என்ன செய்வது? அதுதான் அவளுடைய பயம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கைடு வேண்டும், கைடு வேண்டும் என்று ஒரு காலத்தில் ஒற்றைக் காலில் நின்றவளே இந்த அம்மாதான்.

அவளைத் தெருவில் எல்லோருக்கும் பேக்கிங் அக்கா என்றால்தான் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து முழங்கால் மக்கர் செய்யும் வரைக்கும் பிஸ்கட் ஃபேக்டரியில் பேக்கிங் பிரிவில் வேலை. பெல்ட்டில் பிஸ்கட் சுடச்சுட வரிசையாக வரும். உடைந்ததையும் கருகியதையும் கை பொறுக்கித் தகர டின்னில் போடும், நல்லதை அடுக்கும். வாய் அது பாட்டுக்குப் பக்கத்தில் இருப்பவளோடு பேசிக்கொண்டிருக்கும். பழகிய கண்ணுக்கு அது பெரிய வேலை இல்லை. வேலை முடிந்து தொப்பியைக் கழற்றினாலும் வெண்ணெய் வாசனை மட்டும் கூடவே வரும். எத்தனை முறை துவைத்தாலும் அந்தத் துணிகளிலிருந்து அது போகாது. தெரு நாய்கள் அவளை மட்டும் பார்த்துக் குரைத்ததில்லை, வாலை ஆட்டிக்கொண்டு கூடவே வரும்.

ஃபேக்டரிக்கு ஒரே ஒரு பஸ். முன்னால் பலகையில் ‘பழைய நகரம்’ என்று எழுதியிருக்கும். ஃபேக்டரி வாசலில் ஒரு நிறுத்தம், அதற்கு அடுத்தது பழைய நகரம், அதோடு ரோடு முடிந்துவிடும். வாசலில் பெண்கள் எல்லோரும் மொத்தமாக இறங்கிவிட்டால் பஸ்ஸில் வெளியூர்க்காரர்கள் நாலைந்து பேர்தான் மிச்சம் இருப்பார்கள். தினமும் பலகையைப் படித்துவிட்டு ஏறியவளுக்கு, அந்தப் பலகையில் எழுதியிருந்த இடத்தைப் பார்க்கும் யோகம் மட்டும் ரொம்ப நாள் வரவில்லை.

அந்த பஸ்ஸின் டிரைவர்தான் பின்னால் அவளுடைய வீட்டுக்காரர் ஆனவர். டிப்போவில் அவருக்குப் பெயர் ‘சரித்திரம்’. சரித்திரம் வண்டியை எடுத்தாச்சா, சரித்திரத்துக்கு இன்னிக்கு லீவா என்றுதான் பேச்சு. காரணம் இல்லாமல் இல்லை. கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டால், மறுபடி கிளம்பும் வரை ஒரு டீ குடிக்கிற நேரம் கிடைக்கும். மற்ற டிரைவர்கள் அந்த நேரத்தில் டீயைத்தான் குடித்தார்கள். இவர் வேலிக்குள் போய்விடுவார். வாசல்காரர் பழக்கம், டிக்கெட் கேட்பதில்லை. உள்ளே சுற்றிவிட்டு, நேரம் முடிந்து கண்டக்டர் விசில் ஊதியதும், சட்டை வெளியே வர ஓடி வந்து சீட்டில் ஏறுவார். அந்தக் கண்டக்டர் நேரம் என்றால் நேரம் என்கிற ஆசாமி. கடவுளே டிக்கெட் எடுத்துவிட்டு டாய்லெட்டுக்குப் போயிருந்தாலும் விட்டுவிட்டுப் போய்விடுவார்.

திரும்பும் வழியில் ஃபேக்டரி வாசலில் பெண்கள் ஏறுவார்கள். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டு நம் பேக்கிங் அக்காவுக்கு. அவர் ரோட்டைப் பார்த்தபடியே, அன்று பார்த்ததைச் சொல்லிக்கொண்டு வருவார். ராஜா இப்படி, ராணி அப்படி, தளபதி இன்ன மாதிரி. முதலில் அவள் கேட்காத மாதிரி கேட்டாள். பிறகு கேட்டாள். பிறகு, இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல், கதை முடியட்டும் என்று அடுத்த நிறுத்தம் வரை போக ஆரம்பித்தாள். அதற்கு மேல் சொல்ல வேண்டுமா என்ன?

கல்யாணமாகி, சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்துக் குடியிருந்தார்கள். கீழே பஞ்சர் ஒட்டும் சத்தம், மேலே இவர் சத்தம். வீட்டில் எந்தப் பேச்சை எடுத்தாலும் அது பழைய நகரத்தில் போய்த்தான் முடியும். கூரை ஒழுகினால், “அந்தக் காலத்துல மழைத் தண்ணிக்குன்னே ஒரு மந்திரி இருந்தான் தெரியுமா?” என்பார். உப்பு கூடிப்போனால், உப்பு கூட்டிச் சமைத்ததால் நாடு கடத்தப்பட்ட சமையல்காரன் ஒருவன் உடனே பிறந்துவிடுவான். அவளுக்குச் சில நேரம் சிரிப்பு வரும், பல நேரம் எரிச்சல் வரும். ஆனால் அந்த இரண்டு அறைகளும் ஒரு நாளும் சின்னதாகத் தெரிந்ததில்லை. இப்போது அதே அறைகளில் அவள் ஒருத்திதான் இருக்கிறாள். இரண்டு அறையும் அவளுக்குத் தாங்க முடியாத அளவு சின்னதாகிவிட்டன.

லீவு நாளில் குடும்பத்தோடு இங்கே வருவார்கள். அப்போதெல்லாம் இதே ஜன்னலில்தான் சண்டை. “ஒரு தடவையாவது கைடு வெச்சுக்கலாங்க. முழுசா கேக்கலாம்,” என்று இவள் சொல்வாள். “நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது கைடு எதுக்கு?” என்று அவர் உள்ளே நடந்துவிடுவார். லீவு நாளிலும் அவருக்கு நடை என்று ஒன்று கிடையாது, ஓட்டம்தான். ஒரு இடத்தில் நிற்பார், சொல்வார், அடுத்த இடத்துக்குப் பாய்வார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இவள் பின்னால் ஓடுவாள்.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் வந்தது வினை. வகுப்பில் பழைய நகரத்தைப் பற்றிப் பாடம். தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றிருக்கிறார் டீச்சர். மகள் விடுவாளா? எழுந்து நின்று, தானியக் கிடங்கின் தரையில் ஏன் ஓட்டைகள் இருக்கின்றன என்று சொல்லியிருக்கிறாள். எலிகள் வந்து போக ராஜா வைத்த வழி அது. எலியும் என் குடிதானே, அதற்கும் ஒரு பங்கு இருக்கட்டும் என்றாராம் ராஜா. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. “இதை யாரு சொன்னது?” என்று டீச்சர் கேட்க, “எங்கப்பா” என்றிருக்கிறாள். “அப்பாவைப் பஸ்ஸை மட்டும் ஓட்டச் சொல்லு,” என்றாராம் டீச்சர்.

அன்றைக்கு ஒட்டிய ‘எலி ராஜா’ என்ற பட்டம், அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும் வரை அவளை விடவில்லை. வீட்டுக்கு வந்து அழவில்லை, சண்டை போடவில்லை. அப்பா கதை சொல்ல வந்தால் படிக்க இருக்கிறது என்று எழுந்து போய்விடுவாள். பழைய நகரத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். அவருக்கு முகம் தொங்கிப் போகும். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம் என்று பேக்கிங் அக்கா பல நாள் நினைத்திருக்கிறாள்.

இப்போது அந்த மகள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். எதையும் சரிபார்க்காமல் நம்ப மாட்டாள், அது தொழில் கொடுத்த குணமோ எலி ராஜா கொடுத்த குணமோ தெரியாது. அம்மா வீட்டிலேயே அடைந்து கிடக்கிறாளே என்று, லீவு போட்டு அவளேதான் இன்று கூட்டிக்கொண்டு வந்தாள்.

“ஏம்மா, நீதானே எப்பவும் கைடு வேணும்னு அப்பாகிட்ட மல்லுக்கட்டுவ?” என்றாள் மகள்.

“அப்ப கேட்டேன். இப்ப வேணாங்கறேன்.”

“இப்பதான் தடுக்க ஆள் இல்லையே.”

“அதான் வேணாங்கறேன்.”

மகள் பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்தாள். பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அவரைக் கேலி பண்றதுக்காகக் கேக்கலைம்மா. அவர் சொன்னதுல ஒண்ணாவது நிஜமா இருக்காதான்னு பாக்கத்தான் கேக்கறேன். ஒண்ணு இருந்தாக்கூடப் போதும் எனக்கு,” என்றாள்.

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக மகள் அப்பாவை வெறுத்துவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தாள். அப்படி இல்லை என்று இப்போது தெரிந்தது. தனக்குள்ளும் அதே சந்தேகம்தான் இருந்தது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வெட்கம். கூடவே வாழ்ந்த மனிதர் தன் காதிலும் பூ சுற்றிவிட்டுத்தான் போனாரா?

“சரி, போய் வாங்கு. கைடோடவே போவோம்,” என்றாள்.

கைடு ஒரு சின்னப் பெண். தலையில் துணித் தொப்பி, கையில் மடக்கிய குடை, அதையே தூக்கிக் காட்டித்தான் கூட்டத்தை நகர்த்தினாள். வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறதாம். பெரிய கைடுகள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்ததைத்தான் சொல்கிறேன், தப்பிருந்தால் அவர்களைக் கேளுங்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தாள். அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. முதலில் எங்கே போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

தானியக் கிடங்கில் எல்லோரும் வட்டமாக நின்றார்கள்.

“இதுதான் ஊரோட தானியக் கிடங்கு,” என்று கைடு ஆரம்பித்தாள். “வானம் பொய்ச்சாலும் வயிறு காயக் கூடாதுன்னு ராஜா கட்டினது. இப்ப எல்லாரும் கொஞ்சம் குனிஞ்சு தரையைப் பாருங்க. ஓட்டை ஓட்டையா இருக்கா? இது எதுக்குன்னு யாராச்சும் சொல்ல முடியுமா?”

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வானம் பொய்ச்சாலும் வயிறு காயக் கூடாது. அதே வார்த்தைகள். குனிந்து பார்க்கச் சொன்னது, கேள்வி கேட்டு நிறுத்தியது, எல்லாமே அவர்தான்.

 மகள் வாயே திறக்கவில்லை. “காத்து போறதுக்கு,” என்றாள் கைடு. “தானியம் ஈரம் பிடிக்காம இருக்கணும்ல? அதுக்காக.”

மகள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எலிகளின் பேச்சே வரவில்லை.  வந்தது தப்பு, இப்படியே திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் அந்த வானமும் வயிறும் அவள் காதை விட்டுப் போகவில்லை.

அடுத்தது படிகள் இறங்கும் பெரிய தொட்டி. கைடு குடையைத் தொட்டிப் பக்கம் நீட்டினாள். “இதைப் பாக்கறவங்க எல்லாருமே, ராணிங்க குளிச்ச இடம்னு நினைக்கிறாங்க. ஆனா...” என்று இழுத்து நிறுத்தி, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

அவரும் இங்கே இப்படித்தான் நிறுத்துவார். ஆனா, என்று இழுத்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, பிறகுதான் தண்ணீரைக் கண்டால் நடுங்கிய ராஜாவுக்கு ஒரு மீனவன் இரகசியமாக நீச்சல் சொல்லிக் கொடுத்த கதையைச் சொல்வார்.

“ஆனா, இது துணிக்குச் சாயம் போட்ட தொட்டி. அடியில சாயம் படிஞ்சிருந்ததைக் கண்டுபிடிச்சிருக்காங்க,” என்றாள் கைடு.

அம்மா மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். தொட்டியின் மேல்படியிலிருந்து வேலி தெரிந்தது, வேலிக்கு அப்பால் பஸ் நிற்கும் இடம் தெரிந்தது. இங்கே நின்றால் விசில் நன்றாகக் கேட்டிருக்கும்.

மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். “உங்கப்பா புளுகலைடி,” என்றாள். “கைடுங்க சொல்றதைப் பாதி வரைக்கும் கேட்டிருக்காரு. ஆனா-ங்கற வரைக்கும் கேட்டிருக்காரு. அதுக்குள்ள அந்தப் பாவி விசிலை ஊதிட்டான்.”

மகள் முதலில் விழித்தாள். பிறகு அவளும் திரும்பி பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்தாள். கைடு பேசிக்கொண்டே நகர்ந்துவிட்டாள், கூட்டமும் நகர்ந்துவிட்டது, இவர்கள் இருவரும் மட்டும் தொட்டியருகே நின்றுகொண்டிருந்தார்கள்.

“மீதியை ஓடி வரும்போதே யோசிச்சிருப்பாரு,” என்றாள் மகள்.

“ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே யோசிச்சிருப்பாரு. ஃபேக்டரி வாசலுக்குள்ள முடிவு தயாராகணுமே.”

இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது முழுசாகக் கேட்டிருக்க மாட்டாரா என்று நீங்கள் கேட்கலாம். கேட்டிருப்பார். கேட்டுவிட்டு, இதைவிட நம்முடையதே தேவலை என்று முடிவு கட்டியிருப்பார். அவரைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

அதன் பிறகு அம்மாவும் மகளும் கைடு சொன்னதைக் கேட்டவிதமே வேறு. தூண் மண்டபத்தில் கைடு ஆரம்பித்ததும் மகள் அம்மாவின் காதில், “விசில் இங்கயா?” என்பாள். “இரு, இன்னும் இருக்கு,” என்பாள் அம்மா. தூண்களில் ஒன்று மட்டும் ஏன் குட்டை என்று கேட்டுவிட்டு கைடு மூச்சு வாங்கியதும், இருவரும் ஒரே நேரத்தில், “இப்ப,” என்றார்கள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. காவல் கோபுரத்திலும் அப்படியே. எங்கே அவர் பாதியில் விட்டுவிட்டு ஓடியிருப்பார் என்பது அம்மாவுக்கு அவ்வளவு சரியாகத் தெரிந்தது. கல்லுக்குக் கல் அவரைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டேதான் பார்த்தாள், கண்ணைத்தான் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

கடைசியாக, படிக்கட்டு. பெரிய சுவரை ஒட்டி மேலே ஏறிப் போகும். போய், பாதியில் ஆகாயத்தில் நின்றுவிடும். ஏறக் கூடாது என்று குறுக்கே சங்கிலி போட்டிருந்தது.

அவள் முதன்முதலில் ஃபேக்டரி வாசலில் இறங்காமல் கடைசி வரை வந்த நாளில், அந்த டீ குடிக்கிற நேரத்துக்குள் அவர் அவளை ஓட்டமும் நடையுமாகக் கூட்டிவந்து காட்டியது இதைத்தான். இதைக் கட்டிய கொத்தனாரின் பெண்டாட்டி, மத்தியானம் சாப்பாடு எடுத்துக்கொண்டு தூரத்தில் நடந்து வருவாளாம். அவள் வருவது எந்த உயரத்திலிருந்து தெரிகிறதோ அந்த உயரம் வரைதான் அவன் கட்டினானாம். “மேல ஏறி நின்னா உங்க ஃபேக்டரி வாசல் நல்லாத் தெரியும்,” என்று அன்றைக்கு அவர் சொன்னார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் ஓடிவிட்டார், விசில் ஊதிவிட்டது. இந்தக் கதையை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது கைடு இதன் மீதியைச் சொல்லப் போகிறாள். அம்மா சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். மற்றதெல்லாம் போகட்டும், இதை மட்டும் விட்டுவிட மாட்டாளா என்று இருந்தது.

“இந்தப் படிக்கட்டை ஏன் பாதியில விட்டாங்கன்னு...” கைடு வழக்கம்போல நிறுத்தி முகங்களைப் பார்த்தாள். “...யாருக்குமே தெரியாது. மேல கட்டடம் இருந்ததுக்கு அடையாளம் இல்லை. எழுத்தும் எதுவும் கிடைக்கலை. பெரிய கைடுங்களைக் கேட்டேன், அவங்களும் இதோட நிறுத்திடுவாங்க. அவ்வளவுதாங்க, வாசல் அந்தப் பக்கம்.”

ஆட்கள் கலைய ஆரம்பித்தார்கள்.

“எங்கப்பாவுக்குத் தெரியும்,” என்றாள் மகள்.

எல்லோரும் திரும்பினார்கள். “ஆராய்ச்சி பண்றவரா?” என்று கைடு மரியாதையாகக் கேட்டாள்.

“இல்லை. பஸ் டிரைவர். இங்க வர்ற பஸ்ஸைத்தான் ஓட்டினாரு.”

யாரோ லேசாகச் சிரித்தார்கள். மகளின் காது சிவந்ததை அம்மா பார்த்தாள். அன்று வகுப்பிலும் இப்படித்தான் நின்றிருப்பாள். ஆனால் இன்று அவள் உட்காரவில்லை.

“இதைக் கட்டின கொத்தனாருக்கு ஒரே ஒரு பொண்ணு,” என்று சொல்ல ஆரம்பித்தாள். “தினமும் படிச்சுட்டுத் தனியா நடந்து வரும். வழியில யாராவது கேலி பண்ணி அழ வெச்சுட்டா, வீட்டுக்கு வந்து சொல்லாது, ரொம்ப ரோஷக்காரி. அப்பாவுக்கு எப்படித் தெரியும்? அதனால, அந்தப் பொண்ணு வர்ற வழி எந்த உயரத்துல தெரியுதோ, அது வரைக்கும் கட்டினாரு. அவ முகம் தெரிஞ்சதும் நிறுத்திட்டாரு. அதுக்கு மேல அவருக்குக் கட்டத் தேவைப்படலை. ஒருநாள் என்னைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து பஸ்ல கூட்டிட்டு வரும்போது சொன்னாரு. நான் காதுலயே வாங்காத மாதிரி ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டு இருந்தேன்.”

யாரும் சிரிக்கவில்லை. கைடு படிக்கட்டை அண்ணாந்து ஒரு தடவை பார்த்தாள்.

அம்மாவுக்கு இந்தக் கதை புதிது. ஒரே படிக்கட்டு, ஒரே கொத்தனார். இவளுக்கு ஒரு முடிவு, மகளுக்கு ஒரு முடிவு. அவர் மகளிடம் கேட்கவே இல்லை என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாளே, கேட்டுத்தான் இருக்கிறார் மனிதர்.

“நீங்களும் இதைக் கேட்டிருக்கீங்களாம்மா?” என்று கைடு அவளிடம் கேட்டாள்.

மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாம்மா,” என்றாள் பேக்கிங் அக்கா. “என்கிட்டயும் இதே மாதிரிதான் சொன்னாரு.”